கண்ணாடி அலமாரியைத் திறந்தவளுக்கு

ஐயம்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுகாசினிக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் உடல்நலத்தில் குறைவின்றி இருக்கிறோம். நீயும் அவ்வாறே இருப்பாய் என்று எழுத விடாமல் செய்தது நேற்றுத் தொலைபேசியில் கேட்ட உன் குரல். மழையில் தென்னேரி ஏரி நிரம்பிவிட்டது, முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்களால் அப்பாவின் ஷேர் ஆட்டோவுக்கு ஓய்வில்லை.

நிற்க. நீ சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். உங்கள் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் நுண்ணோக்கிகளைக் கண்ணாடி அலமாரியிலிருந்து ஆயுத பூஜைக்கு மட்டுமே எடுத்து, பொட்டு வைத்து, மறுபடி பூட்டுகிறார்கள். இவ்வாண்டு கண் வைத்துப் பார்க்கும் லென்சின் மேலேயே யாரோ சந்தனத்தை அப்பிவிட, அதைத் துடைத்த கையோடு நீ மாணவியரை அதில் பார்க்க விட்டாய். ஒருத்தி குழலை இறக்கும் திருகை அதிகமாகத் திருப்பியதில் கீழ் லென்சு கண்ணாடித் தகட்டில் இடித்து விரிசல் விட்டது. ‘மாணவியர் நுண்ணோக்கியைத் தொட அனுமதித்தது என் தவறு’ என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தராவிட்டால் உன் தற்காலிக விரிவுரையாளர் பணியை நீட்டிக்க இயலாதென்கிறார் துறைத்தலைவர். எழுதிக் கொடுத்துவிடட்டுமா என்று என்னைக் கேட்டாய். கூடாது.

உன் மாமா மாணிக்கவேல் காலையில் வந்து, “நாலு வரி எழுதினா கை என்னா தேஞ்சா பூடும்? வேலய காப்பாத்திக்கச் சொல்லுக்கா” என்றான். வண்டி கழுவிக்கொண்டிருந்த அப்பா, “யோவ் மச்சான், வண்டிக்கு மாலய போட்டு ஷெட்டுலயே நிறுத்தி வெச்சிக்கினு நானும் டிரைவர்தான்னா, நீ ஏறுவியா?” என்று கேட்டார். “நீ ஓட்டுறப்போ ஏர்றதுக்கே தனி தைரியம் வேணும் மாமா” என்று அவன் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் முந்தின நாள்தான் பக்கத்து வீட்டுத் தீபிகா தன் கல்லூரிச் செய்முறைக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தாள். ‘வெங்காயத் தோலில் செல்கள் தெளிவாகக் காணப்பட்டன’ என்ற வாக்கியத்தின் அழகை வியந்து, யாரால் காணப்பட்டன என்று கேட்டேன். “போன வருஷத்து அக்காவால, அத்தை. அவங்களுக்கு அதுக்கு முன்ன இருந்த அக்காவால. நாங்க வெங்காயத்த சாம்பார்லதான் பாத்துக்கினு இருக்கோம்” என்றாள். படிப்பின் ஜெராக்சை இந்தப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு அதைப் பட்டம் என்கிறார்கள். உங்கள் துறைத்தலைவரும் கண்ணாடிக்கு வெளியே நின்றே படித்தவராக இருக்கலாம், அதனால்தான் அலமாரி திறந்ததும் அவருக்கு அச்சம் வருகிறது. நான் பள்ளிக்கூடம் போனவளில்லை. செய்தித்தாளைத் தப்பும் தவறுமாக உரக்கப் படித்து, தெருவே சிரிக்கச் சிரிக்கத்தான் எழுத்தைக் கைப்பற்றினேன். வாய் தவறாமல் வாசிக்க வருமா, லென்சு விரிசல் விடாமல் அறிவியல் வருமா?

இன்னொன்றையும் எண்ணிப் பார். ‘தொடாதே’ என்னும் சொல்லைக் கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் கேட்டுக் கேட்டு வந்தது நம் குடும்பம். அதே சொல்லை உன் கையெழுத்தில், உன் மாணவியரை நோக்கி எழுதியதாக நான் படிக்க மாட்டேன். ஆகவே இப்படி எழுது: ‘லென்சு சேதமடைந்ததற்கு வருந்துகிறேன். மாணவியர் நுண்ணோக்கியைத் தொட விட்டதற்கு வருந்தவில்லை. வரும் வாரமும் தொடுவார்கள்.’ கடைசி வரியை நீக்கச் சொல்வார்கள், நீக்காதே. வேலை போனால் போகட்டும், படித்த படிப்பை எவரும் உன்னிடமிருந்து பறிக்க முடியாது. பெட்டியோடு வந்து இறங்கினால் அப்பா வண்டியோடு பேருந்து நிலையத்தில் நிற்பார், தெருவில் எவர் என்ன கேட்டாலும் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

இதைத் தீபிகா படமெடுத்து உன் கைப்பேசிக்கு அனுப்புவாள், தாள் தபாலில் பின்னே வரும். வேளைக்குச் சாப்பிடு. எழுதியதைக் கொடுக்குமுன் நகல் எடுத்துக்கொள். நீ நெடிது வாழ்க, உன் வகுப்பறை செழிக்க. மறவாதே மகளே, வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் அறையில் உன்னை உட்காரச் சொல்லாவிட்டால், நாற்காலியை நீயே இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசு.

என்றும் உன் பக்கம் நிற்கும் தாய்,
த. செல்லியம்மாள்