அம்மாவின் நாற்பத்திரண்டு சதவீதம்

அன்பு மகளுக்கு,

உன் அப்பா எரிச்சலும் ஆசீர்வாதமும் சரிபாதியாகக் கலந்து எழுதிக்கொள்வது. இங்கே இருவரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா? போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். அவள் காதில் விழாமல் உன்னிடம் பேச எனக்குத் தபாலை விட்டால் வேறு வழி தெரியவில்லை.

நீ அவளுக்கு அனுப்பிய அந்தச் சிலேட்டு என் குடியைக் கெடுத்துவிட்டது. மின்நூல் கருவி என்று மரியாதையாகச் சொல்ல வேண்டுமாம். எனக்கு அது சிலேட்டுதான்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். தடித்த புத்தகம் வந்தால் யார் முதலில் படிப்பது என்று கல்யாணமான புதிதில் தினமும் சண்டை. பணிமனையில் தேய்ந்துபோன ரம்பத் தகடு ஒன்றைத் தீட்டி, ஒரு அத்தியாயம் முடியும் இடமாகப் பார்த்து, புத்தகத்தின் முதுகில் இறக்கி இரண்டாக்கினேன். முதல் பாதியை அவள் முடித்துவிட்டு இரண்டாம் பாதிக்குப் போனதும் முதல் பாதி என் கைக்கு வரும். அன்றிலிருந்து அவள் எனக்கு எப்போதும் அரைப் புத்தகம் முன்னால். பழைய புத்தகக் கடைக்காரர், "மீன் நறுக்குற மாதிரி நறுக்கிக் கொண்டுவந்தா எவன் சார் வாங்குவான்?" என்று கேட்டார். வாங்காவிட்டால் போகட்டும் என்று வந்துவிட்டேன்.

நான் படிக்கும்போது சமையலறையிலிருந்தே என் முகத்தைப் பார்ப்பாள். "என்ன, அந்தத் தம்பிக்காரன் செத்துட்டானா?" என்பாள். எனக்கு இன்னும் அந்த இடமே வந்திருக்காது. புத்தகத்தை வீசாத குறைதான். அப்புறம் அவன் சாகத்தான் வேண்டுமா என்று ராத்திரிச் சாப்பாடு வரை வாதாடுவோம். எங்களுக்குள் பேச்சு என்று மிச்சமிருந்தது அதுதான், தெரிந்துகொள். அது போனால் வீட்டில் வேறென்ன பேச்சு? பால் வந்ததா, தொட்டி நிரம்பியதா, கதவைப் பூட்டினாயா.

தொட்டி என்றதும் நினைவு வருகிறது. மாடி வீட்டுக்காரர் மறுபடியும் குழாயைத் திறந்துபோட்டு வெளியூர் போய்விட்டார். படியெல்லாம் தண்ணீர். அதைச் சொல்லி அம்மாவோடு சேர்ந்து திட்டலாம் என்று உள்ளே வந்தால், அவள் சிலேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இருட்டும் வரை அதே கதி. திடீரென்று சிரிக்கிறாள். என்னவென்று கேட்டால், "நீங்க படிக்கலையே, சொன்னாப் புரியாது" என்கிறாள். போன வாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எந்தக் கதையில் யாருக்காக அழுகிறாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் எனக்குத் தெரியாமல் யாருக்காகவும் அழுததில்லை.

விடுவேனா? அவள் படிக்கும் அதே புத்தகத்தை அச்சில் வாங்கி வந்தேன். எந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று கேட்டேன். "இதுல பக்கமெல்லாம் கிடையாது. நாப்பத்திரண்டு சதவீதம்" என்றாள். புத்தகத்துக்கு ஏது சதவீதம்? பாலில் தண்ணீரா அளக்கிறார்கள்? பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டு அந்த இடத்தைப் பிடித்தேன். என்னுடையதில் ஆள் ஊர் திரும்பவே இல்லை, அவளுடையதில் அவனுக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. கடைசியில் பார்த்தால் அச்சுப் புத்தகத்தின் முன்னால் யாரோ ஒரு பேராசிரியர் நீட்டி முழக்கிய முன்னுரை, சிலேட்டில் அது இல்லை. அதைக் கழித்து நான் கிட்டே வருவதற்குள் அவள் அடுத்த புத்தகத்துக்குப் போய்விட்டாள்.

எனக்கும் ஒன்று வாங்கி அனுப்புவதாகச் சொன்னாய். வேண்டாம். முடிய இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று என் கட்டைவிரலுக்குத் தெரிந்தால்தான் எனக்குப் படிப்பு ஏறும்.

அவளைக் காகிதத்துக்குத் திரும்பி வா என்று கூப்பிடவும் முடியாது. அச்செழுத்து அவள் கண்ணுக்குக் கலங்குகிறது, கண்ணாடி மாற்றியும் பிரயோசனமில்லை. அதற்காகத்தானே நீ அனுப்பினாய். நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். "நீங்க வாசிச்சா எல்லாரும் பஸ் கண்டக்டர் மாதிரியே பேசறாங்க" என்று சொல்லிவிட்டாள்.

இதுவரை எழுதியது கோபத்தில். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதத்தான் பேனாவை எடுத்தேன், சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் குளிக்கப் போயிருந்தாள். அவள் சொன்னபடி சார்ஜில் போடலாம் என்று அதைக் கையில் எடுத்தேன். திரை முழுக்க நாலே நாலு வார்த்தை. கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வந்த புதிதில் அதில் அரைப் பக்கம் தெரியும். அவள் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். இன்னும் பெரிதாக வருமா என்று தொட்டுப் பார்த்தேன். அதற்கு மேல் அதில் இல்லை.

நாலு நாலு வார்த்தையாக விரலால் தள்ளித் தள்ளித்தான் பொழுதெல்லாம் படித்திருக்கிறாள். ஏன் இத்தனை அவசரம், ஒன்று முடிந்த கையோடு ஏன் இன்னொன்று என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். கண் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. உன்னிடமும் முழுதாகச் சொல்லவில்லை. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். வந்தவள், "சார்ஜ் போட்டீங்களா?" என்றாள். மறந்துவிட்டேன் என்றேன். "ஒரு வேலை சொன்னா உருப்படியாச் செய்யமாட்டீங்களே" என்று திட்டினாள். வாங்கிக்கொண்டேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை மகளே. சிலேட்டின் மேல் படுவது சுலபமாக இருக்கிறது.

நீ விடுப்பை அடுத்த வருஷத்துக்கு மாற்றிவிட்டேன் என்றபோது, "வேலைதான் முக்கியம், மெதுவா வரட்டும்" என்று அவள் சொன்னாளே, அதை நம்பாதே. இந்த வருஷமே வா. பகல் நீளமாக இருக்கும் மாதமாகப் பார். ராத்திரி வந்து இறங்கும் விமானம் வேண்டாம். புத்தகம், சாமான் எதுவும் தூக்கி வர வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் அம்மாவுக்கு எதிரே கிட்ட வந்து நில். அவள் எவ்வளவு நேரம் பார்த்தாலும், அவசரப்படாமல் நில்.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா