இடது பக்கத்து நாற்காலி

அன்புள்ள அண்ணா,

செவ்வாய்க்கிழமை பிசியோதெரபி மையத்தில் என் இடது பக்கத்து நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாயாம்.

பக்கவாதம் வந்ததிலிருந்து இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோகிறது. கண்ணில் கோளாறு இல்லையாம், மூளைதான் அதைக் கவனிப்பதில்லையாம். தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று வீட்டில் சண்டை போடுகிறேன்.

அன்று மேஜையில் குவளைகளை அடுக்கிக்கொண்டே பயிற்சி தரும் அம்மாவிடம் சொன்னேன்: "அண்ணன்னு ஒருத்தன் இருக்கான். ஆறு வருஷமா பேச்சில்ல. செத்தேனா பொழச்சேனான்னு எட்டிக்கூடப் பாக்கல."

அவர் பதறிவிட்டார். "சார், இடது பக்கம் திரும்புங்க. உங்க அண்ணன்தான்…"

நான் திரும்புவதற்குள் நாற்காலி காலி.

நிஜமாகவே உன்னைப் பார்க்கவில்லையா, பார்க்கவே கூடாது என்று இருந்தேனா? இதில் நோய் எது, வீம்பு எது என்று எனக்கே பிடிபடவில்லை. டாக்டரிடம் கேட்டேன், சிரிக்கிறார். நீயாவது வாயைத் திறந்திருக்கலாம்.

அடுத்த செவ்வாயும் வா. வலது பக்கம் வேண்டாம், இடது பக்கமே உட்கார். பழையபடி "டேய்" என்று ஓர் அதட்டல் போடு. நான் மெதுவாகத்தான் திரும்புவேன். அதுவரை எழுந்து போய்விடாதே.

உன் தம்பி