முடிந்துபோன தடைக்கு ஓர் அப்பீல்

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

மண்ணுக்குள் அமைதியாக இருக்கும் உங்களுக்கு என் சலாம். என் தங்கை மரியமும் உங்கள் பிள்ளைகளும் சுகம். ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். அப்பீலில் ஜெயித்துவிட்டேன்.

என்ன அப்பீல் என்று கேட்பீர்கள். நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது உங்களிடம் மறைத்த வழக்கின் அப்பீல் அது. உங்கள் பக்கத்து வீட்டு அசன் ராவுத்தரோடு கண்டாங் கெர்பாவ் மாட்டுக் கொட்டிலில் என் எருமைக்கு விலை பேசினேன். நம் வழக்கப்படிதான், துண்டுக்குள் கைவிட்டு, வாய் திறக்காமல், விரலைப் பிடித்தே பேரம். முடிகிறவரை ஒருவர் கையை ஒருவர் விடுகிற பேச்சில்லை. ராவுத்தர் ஒத்துக்கொண்ட விலையிலிருந்து நழுவப் பார்த்தார், கையை உருவினார். நான் விடவில்லை. "பேசி முடிங்க ராவுத்தரே" என்றேன்.

விரல் வீங்கிவிட்டதாம். அடிக்க வந்தேன் என்று கோர்ட்டில் போய் நின்றார். துண்டுக்குள் நடக்கிற வியாபாரம் மாஜிஸ்திரேட் துரைக்கு என்ன தெரியும்? கையைப் பிடித்தாயா என்றார், பிடித்தேன் என்றேன். அவ்வளவுதான். ராவுத்தர் இருக்கிற இடத்தை நான் நெருங்கக் கூடாது, மீறினால் ஜெயில் என்று சில மாதத்துக்குத் தடை போட்டுவிட்டார்.

அந்தத் தடைக்குள்தான் மச்சான் நீங்கள் போனீர்கள்.

உங்கள் மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கியவர்களில் முன்தோள் ராவுத்தருடையது. நான் ஜெயிலுக்குப் போனால் இரண்டு வீட்டு அடுப்பும் அணைந்துவிடும் என்று யோசித்து, தூரத்திலேயே நடந்து வந்தேன். கபுருஸ்தான் வேலிக்கு வெளியே நின்றேன். உங்களுக்கு ஒரு பிடி மண் போடவில்லை. வேறு என்ன செய்திருப்பீர்கள், என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால்?

மரியம் அதை மன்னிக்கவில்லை. "நீங்க அடிதடிக்குப் போனதுக்கு என் மாப்பிள்ளை மய்யித்தா பதில் சொல்லணும், காக்கா?" என்று கூடப்பிறந்த அண்ணனைக் கேட்டாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

தடைக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகும் நான் லாயரைத் தேடிப் போனதைப் பார்த்து சிராங்கூன் ரோட்டில் சிரிக்காத ஆள் இல்லை. "செத்த மாட்டுக்குப் புல் வாங்குறியா?" என்றார் நம் தவிட்டுக்கடை நாடார். முடிந்துபோன உத்தரவில் ரத்து செய்ய என்ன இருக்கிறது என்று லாயரும் கேட்டார். மரியத்தின் மனசில் அது முடியவில்லையே! அதை எந்தச் சட்டத்தில் சொல்வது?

லாயர் கேட்டதையேதான் ஜட்ஜ் துரையும் கேட்டார். "ஐயா, நாள் முடிஞ்சிருச்சு, பேர் போனது போனபடிதான் இருக்கு" என்று துபாசி மூலம் சொன்னேன். துண்டு வியாபாரத்தையும் விளக்கினேன். அவருக்குப் பிடிபடவில்லை. "இரண்டு பேரும் செய்து காட்டுங்கள்" என்றார்.

என் துண்டுக்குள் ராவுத்தர் கைவிட்டார். பழக்கம் விடுமா? விரல் பட்டதும் மனிதர் நிஜமாகவே விலை பேசத் தொடங்கிவிட்டார்! நானும் கூட்டிக் கேட்டேன். அவர் குறைத்தார். "போதும், போதும்" என்று துபாசி கத்துகிறார்; இருவரும் கையை விடவில்லை. கோர்ட்டே சிரித்தது. "இப்போது யார் யாரைத் தாக்குகிறார்?" என்று ஜட்ஜ் கேட்டார். ராவுத்தர் தலை நிமிரவில்லை. அந்தத் தடையைப் போட்டதே தவறு என்று தீர்ப்பானது.

நேரே மரியத்திடம் போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ, "அப்ப அன்னைக்கு நீங்க வந்திருக்கலாம், காக்கா" என்றாள்.

ஆமாம் மச்சான், வந்திருக்கலாம். ஜெயித்த தீர்ப்புக்கு அதுதான் அர்த்தம் என்று அவள் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. அவள் அழுது முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து போய்ச் சோறு போட்டாள்.

உங்களுக்கு ஓதும் வருஷ பாத்திஹா வருகிறது. விறகு, அரிசி எல்லாம் என் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரரை விட்டுவிட முடியாது, ராவுத்தரையும் நானே போய் அழைப்பேன். ஒரே சகன் தட்டில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டு, உங்களுக்காகக் கையேந்துவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் மாமா,
மரியத்தின் காக்கா.