தொண்ணூற்றொன்பது சதக் கொலைகள்

திருகோணமலை
18.08.2024

அன்புள்ள மனோகரி மச்சாளுக்கு,

மாமியும் நானும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் பிரணவனும் அப்படியே இருப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் சொல்லலாம்தான். ஆனால் மாமி பக்கத்தில் இருந்தால் எனக்குக் கதைக்க எங்கே இடம்? "நீ விடு பிள்ளை, என்ரை மகளோடை நான் கதைக்கிறன்" என்று பறித்துவிடுவார். பக்கத்து வீட்டுப் பிலோமினம்மாவின் மருமகள் சஜிதா மின்னஞ்சலில் தமிழ் தட்டப் பழக்கிவிட்டாள். இனி உங்களுக்கு என்னிடமிருந்து தப்ப வழியில்லை.

மச்சாள், எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. போன வருசம் வந்தபோது உங்கள் பழைய டேப்லெட்டை இங்கே விட்டுப் போனீர்கள். மாமி உங்கள் முகம் பார்க்கத்தான் என்று நினைத்தேன். பார்த்தால், அதற்குள் புத்தகமாக வந்து விழுகிறது! எல்லாம் பழைய ஆங்கிலத் துப்பறியும் கதைகள். பனி கொட்டும் பங்களா, தேத்தண்ணீர் மேசை, நூலக அறையில் ஒரு பிணம். மாமியைப் பார்க்கவென்று நான் நூலக வேலையை விட்டபோது, இனி இதெல்லாம் வாசிக்கக் கிடையாது என்றுதான் நினைத்தேன். எனக்கு இந்தப் பைத்தியம் இருந்ததை ஞாபகம் வைத்து, தேடித் தேடி அனுப்புகிறீர்களே. என்னை இப்படி ஒருவரும் நினைத்ததில்லை.

பின்னேரத்தில் நான் வாசித்து மாமிக்குத் தமிழில் சொல்கிறேன். அவருக்கு எந்தக் கதையிலும் டொக்டர்மேல்தான் சந்தேகம். "பெரிய பையோடை திரியிறவன் ஒருத்தனும் நல்லவனில்லை, அவனைப் பிடி" என்கிறார். சமையல்காரியை மட்டும் யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது. பாவமாம்.

போன கிழமை அனுப்பினதில் ஒரு பெண் குளிர் ஊரில் தனியே வேலைக்குப் போய்வருகிறாள். அதைக் கேட்டுவிட்டு மாமி டேப்பை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "மனோ தன்ரை நிலமையை எங்களுக்குச் சொல்லுறாள்" என்றார். அப்படியா மச்சாள்? வாயால் சொல்ல முடியாததைத்தான் புத்தகமாக அனுப்புகிறீர்களா? நாங்கள் இப்போது ஒவ்வொன்றையும் அப்படித்தான் பார்க்கிறோம்.

அடுத்ததை எதிர்பார்த்திருக்கும்,
நிரஞ்சலா


பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
02.09.2024

அன்பின் நிரஞ்சலா,

உன் கடிதத்தை பஸ்ஸில் வாசித்தேன். சிரித்ததில் பக்கத்தில் இருந்த மனுசி எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

புத்தகத்துக்கெல்லாம் நன்றி சொல்லி என்னை வெட்கப்படுத்தாதே. பெரிய விலை ஒன்றும் இல்லை. ஒரு கடையிலிருந்து தினமும் காலையில் மின்னஞ்சல் வரும், இன்றைக்கு மட்டும் தொண்ணூற்றொன்பது சதம் என்று. இந்தப் பழைய ஆங்கிலக் கொலைகள்தான் எப்போதும் மலிவு. பஸ்ஸுக்கு நிற்கும்போது விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். இங்கிருந்து நோத்ர-டாம்-த-கிரேஸில் நான் வேலைசெய்யும் குழந்தைக் காப்பகமான கார்டறிக்குப் போய்ச்சேர, நித்திரையும் கொள்ளலாம், ஒரு கொலைகாரனையும் பிடிக்கலாம். பகல் முழுக்கக் குஞ்சுகுருமான்களுக்குப் பிரெஞ்சில் மூக்குத் துடைத்துவிட்டு, பின்னேரம் இன்னொரு கொலையோடு திரும்பி வருவேன்.

தனிமை கினிமை ஒன்றும் இல்லை என்று அம்மாவுக்குச் சொல்லு. அவருக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்க எனக்குப் பெரிய சந்தோசம். எப்படிப்பட்ட கதை பிடிக்கும் என்று எழுது. பார்த்து எடுக்கிறேன்.

அன்புடன்,
மனோகரி


பியர்பொன்ட்ஸ்
09.03.2025

அன்பின் நிரஞ்சலா,

அம்மாவின் முப்பத்தோராம் நாள் குறையில்லாமல் முடிந்ததா? ஐயர் நேரத்துக்கு வந்தாரா? எத்தனை பேர் சாப்பிட்டார்கள்? செத்தவீட்டுப் படங்களும் கிடைத்தன. அம்மாவுக்கு அந்த மயில்கழுத்துச் சேலையை உடுத்திவிட்டது நல்லது. மாலை கொஞ்சம் மெலிவாகத் தெரிந்தது, பூ கிடைக்கவில்லையா?

நான் வராததைப் பற்றி அங்கே என்ன கதைக்கிறார்கள் என்று தெரியும். நீ சொல்ல வேண்டாம். பனிப்புயலில் விமானம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் புயல் நின்ற பிறகும் நான் வரவில்லை. அதுவும் உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்க எண்ணி எடுக்காமல் விட்டுவிடுகிறேன். அந்தக் கதிரை வெறுமையாகத் தெரியுமே. கோபிக்காதே.

வீட்டு விசயத்தைப் பேந்து யோசிப்போம். இப்போதைக்கு நீ அங்கேயே இரு.

மனோகரி


திருகோணமலை
21.04.2025

மச்சாளுக்கு,

சுகம் விசாரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. மன்னியுங்கள்.

முப்பத்தொன்று முடிந்த பிறகு முதலாவது புத்தகம் வந்தது. கிழவி ஒருத்தி, அவளைப் பார்க்க ஒரு தாதி. தாதி பாலில் எதையோ கலக்கிறாள். மாமி இருந்திருந்தால் டொக்டரைப் பிடி என்று சத்தம் போட்டிருப்பார் என்று நினைத்து அழுதேன், சிரித்தேன். அதற்குமேல் ஒன்றும் யோசிக்கவில்லை.

அடுத்த கிழமை இரண்டாவது. ஒரு பெரியம்மா, அவளை அண்டி வாழும், என்னைப்போலக் கலியாணமாகாத உறவுக்காரி. பெரியம்மா செத்துப்போகிறாள். வீடு உறவுக்காரிக்கு வருகிறது. யார் செய்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது போன வெள்ளிக்கிழமை வந்தது. அதிலும் ஒரு கிழவி. கூட இருந்து பார்த்தவளின் சொல்லை நம்பி டொக்டர் பிணத்தைப் பார்க்காமலே மரணச் சான்றிதழில் கையெழுத்து வைக்கிறார். அதை என்னால் முழுக்க வாசிக்க முடியவில்லை.

மச்சாள், வாயால் சொல்ல முடியாததைப் புத்தகமாக அனுப்புவீர்களா என்று ஒருமுறை விளையாட்டாகக் கேட்டேன். நீங்கள் இல்லை என்று எழுதவில்லை. இப்படியும் அனுப்புவீர்கள் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நேரே கேட்டிருக்கலாமே! "நிரஞ்சலா, அம்மாவுக்கு என்ன செய்தனி?" என்று ஒரு வசனம். அதற்கு மூன்று புத்தகம் வேண்டுமா?

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமியைப் பார்த்த டொக்டரிடம், அவர் எதனால் இறந்தார் என்று ஒரு கடிதம் தரச் சொல்லிக் கேட்டேன். சனத்துக்கு முன்னால் அங்கிருந்த, ஊசி போடுகிற மிஸ்ஸி, "ஏனம்மா, கனடாவில கேக்கினமோ?" என்றாள். ஓம் என்றேன். அந்த இடத்திலேயே நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அங்கே வரிசையில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற சனமும் நின்றது. இன்றைக்குக் காலையில் பிலோமினம்மா என் முகத்தைப் பார்க்காமல் பிட்டைத் தந்துவிட்டுப் போனார்.

கடிதத்தைப் படம் பிடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாத முடிவில் வீட்டை விடுகிறேன். பூட்டித் திறப்பைப் பிலோமினம்மாவிடம் விடுகிறேன். உங்கள் டேப்பையும் அவரிடமே கொடுத்துவிடுகிறேன்.

நிரஞ்சலா


பியர்பொன்ட்ஸ்
22.04.2025

என் நிரஞ்சலா,

ஐயோ, இல்லை. இல்லையடி. சத்தியமாக இல்லை.

இன்றைக்குக் கார்டறிக்குப் போகவில்லை. சுகமில்லை என்று சொல்லிவிட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். டொக்டரின் படத்தை நான் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன். நான் உன்னை ஒரு நாளும், ஒரு நிமிசம்கூடச் சந்தேகப்படவில்லை. அதை நீ நம்பவேண்டுமென்றால் நான் இன்னொன்றைச் சொல்லவேண்டும். சொன்னால் என் முகத்தில் நீ முழிக்க மாட்டாய். காலையிலிருந்து இதை எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன்.

அந்தப் புத்தகங்களை நான் உனக்கு அனுப்பவில்லை. மூன்றை மட்டும் சொல்லவில்லை. ஒன்றையும் அனுப்பவில்லை.

அந்த டேப்பை விட்டுவிட்டு வரும்போது அதற்குள் இருந்த என் கடைக்கணக்கை மூடாமல் வந்துவிட்டேன். இங்கே எனக்கென்று நான் எதை வாங்கினாலும் அங்கேயும் வந்து விழுந்திருக்கிறது. உன் முதல் கடிதம் வந்த அன்று பிரணவனைக் கேட்டேன். "நீங்கள் சைன் அவுட் பண்ணேல்லை அம்மா, நான் இப்ப நிப்பாட்டவா?" என்றான். வேண்டாம், விடு என்றேன்.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்கவேண்டும். எழுதத்தான் தொடங்கினேன். "என்னை இப்படி ஒருவரும் நினைத்ததில்லை" என்று நீ எழுதியிருந்தாய். அதற்கு, நானும் நினைக்கவில்லை என்று எப்படிப் பதில் எழுதுவது? உனக்கு இந்தக் கதைகள் பிடிக்கும் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை, நிரஞ்சலா. எனக்குப் பிடிக்கும், மலிவாக வந்தது, வாங்கினேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா, "பிள்ளை, இந்தமுறை நல்லது பார்த்து அனுப்பினாய், கடைசி மட்டும் பிடிபடேல்லை" என்பார். நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு, "அடுத்தது இன்னும் நல்லது" என்பேன். என் வாழ்நாளில் அம்மாவுக்கு நான் செய்ததில் அவர் மிகவும் சந்தோசப்பட்டது இதுதான். அதை நான் செய்யவே இல்லை.

அந்த மூன்றும் கடையின் ஒரே மலிவு வரிசையில் கிழமைக்கு ஒன்றாக வந்தவை. கிழவிகள் சாகிற கதைகளாகவே அடுக்கியிருந்தார்கள். நான் தலைப்பைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அம்மா போன பிறகு பஸ்ஸில் யோசிக்காமல் இருக்க ஏதாவது வேண்டியிருந்தது. வாங்கினேன், இரண்டு பக்கம் வாசித்தேன், மூடினேன். அது உன் கையில் போய் விழும் என்பதை, அம்மா இல்லாத பிறகு, மறந்தே போனேன். அங்கே அந்த டேப்பைப் பிடித்துக்கொண்டு நீ தனியே இருக்கிறாய் என்பதையும்தான்.

நீ ஆஸ்பத்திரி வரிசையில் நின்றதை நினைக்க எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. பிலோமினம்மாவுக்கு நானே போன் எடுத்துச் சொல்கிறேன். ஒழுங்கையில் யாருக்குச் சொல்லவேண்டுமோ சொல்லு, எல்லோருக்கும் சொல்கிறேன். பிழை என்னுடையது, நான் பொய்க்காரி என்றே சொல்கிறேன். வீட்டை விட்டுப் போகாதே. அது உன் வீடு. வீட்டு உறுதியை உன் பெயருக்கு எழுத ஆரைப் பிடிக்கவேண்டும் என்று சொல்லு, இந்தக் கிழமையே செய்கிறேன்.

மன்னிப்புக் கேட்கக்கூட முகமில்லாத,
மனோகரி


திருகோணமலை
04.05.2025

மச்சாளுக்கு,

பிலோமினம்மாவுக்கு நீங்கள் போன் எடுத்தீர்கள். அவர் அழுதுகொண்டு ஓடி வந்தார், அன்றிலிருந்து பிட்டும் சம்பலுமாக வருகிறது. ஒழுங்கைக்கும் செய்தி போய்விட்டது. அந்தப் பக்கம் சரி.

நான் போகவில்லை. இங்கேதான் இருக்கிறேன். உறுதி எழுதுவதைப் பிறகு பாருங்கள். இப்போது எழுதினால் அது குற்றத்துக்குக் கட்டும் தண்டம் மாதிரி இருக்கும், எனக்கு வேண்டாம்.

புத்தகங்களுக்காக ஒரு கிழமை அழுதேன். உங்கள்மேல் கோபத்தைவிட, எனக்கு என்னை நினைத்துத்தான் வெட்கம். கடையின் மலிவுப் பட்டியலை அன்பு என்று நினைத்து, ஒவ்வொரு கதைக்கும் அர்த்தம் தேடி, உருகி உருகி எழுதினவள் நான்தானே. சஜிதாவுக்கும் தபால்காரருக்கும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். நல்ல வேளை, மாமிக்கு இது தெரியாது. அந்த ஒன்றில் நீங்கள் பொய் சொன்னது நல்லதுக்கே என்று ஒரு மனம் சொல்கிறது. மற்ற மனம் இன்னும் சொல்லவில்லை.

ஆனால் மச்சாள், இதை யோசித்துப் பாருங்கள். நீங்கள் என்னைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று நான் ஏன் அவ்வளவு சுறுக்காக நம்பினேன்? புத்தகத்தாலா? ஆர் வேண்டுமென்றாலும் கிழவி சாகிற கதை அனுப்பலாம். முப்பத்தொன்றுக்கு நீங்கள் எழுதின கடிதத்தை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஐயரைக் கேட்டிருக்கிறீர்கள். சேலையைக் கேட்டிருக்கிறீர்கள். மாலை ஏன் மெலிவு என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்றுகூடக் கேட்டிருக்கிறீர்கள். மாமி எப்படிப் போனார் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. பெற்ற மகள் கேட்காவிட்டால், கேட்க விருப்பமில்லாத ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்? அந்தக் காரணம் நான் என்று நினைத்தேன்.

இப்போது விளங்குகிறது, அது நான் இல்லை. நீங்கள் பயந்திருக்கிறீர்கள். டொக்டரின் கடிதத்தைத் திறக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எனக்கு மரியாதையாகத்தான் எழுதினீர்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை.

அந்தப் பின்னேரம் என்ன நடந்தது என்று நான் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்க உரிமை உள்ளவர் கேட்கட்டும் என்று வைத்திருக்கிறேன். சும்மா எழுதி அனுப்பினால், அதுவும் கேட்காமல் வந்து விழுந்ததாகிவிடும்.

நிரஞ்சலா


பியர்பொன்ட்ஸ்
05.05.2025

நிரஞ்சலா,

அம்மா எப்படிப் போனார்? பயந்தாரா? நோவு இருந்ததா? என்னைத் தேடினாரா? ஒன்றையும் ஒளிக்காமல் எழுது.

மனோகரி