குடிக்காத தண்ணீர்

செவ்வாய், இரவு.

இதையெல்லாம் எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

திருமங்கலத்தில் வீடு வீடாகக் கணக்கெடுக்கும்போது, இன்று வெயிலில் கண் இருட்டி ஒரு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டு அக்கா மோர் கொண்டுவந்தார்.

"குடி தாயி. பாட்டில்ல தண்ணி நெறஞ்சாப்புலயே கெடக்கு, இம்புட்டு வெயில்ல குடிக்காமயா அலையுற?"

இரண்டு மடக்கோடு நிறுத்திக்கொண்டேன்.

"ஏன், எங்க வீட்டு மோரு புளிக்குதாக்கும்?" என்று சிரித்தார்.

குடித்தால், மாலை வீடு திரும்பும்வரை ஒதுங்க இடமில்லை. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்போதும் தலை வலிக்கிறது.

நாளையும் அதே தெருதான். பாட்டில் தண்ணீரைப் போகும்போதே குடித்துவிடப் போகிறேன். பிறகு அவர் கதவைத் தட்டிக் கேட்டே ஆக வேண்டும்:

"அக்கா, உங்க வீட்டு பாத்ரூமுக்கு ஒருதடவ போய்ட்டு வரட்டுமா?"