புது சிப் போட்ட ஜக்கெட்

இஞ்சருங்கோ, நான் வேலைக்குப் போறன், நாலு மணிக்கு வந்திடுவன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ.

பதினொரு மணிக்கு லொறிக்காரர் ஸ்பெயினுக்கு ஏத்துற சாமான் அளக்க வருவினம். கற்பூரம், மெழுகுதிரி, நல்லெண்ணெய் ஒண்டும் லொறியில ஏத்த விடாதேங்கோ. ஓகஸ்ட் மாத ஸ்பெயின் வெயிலில எல்லாம் உருகி ஒழுகி என்ர சீலையள் பாழாப் போகும். அங்க விடியக்காலமையே சாமான் இறக்கவேணும் எண்டும் சொல்லுங்கோ, மத்தியானத்தில வேண்டாம்.

மாசியில நீங்கள் தனியப் போய் அங்க வீடு பாத்தனீங்கள். பல்கனி எந்தப் பக்கம் எண்டு மூண்டு தரம் கேட்டிட்டன். "நல்ல வெளிச்சம்" எண்டு மட்டும் சொல்லுறியள். மேற்குப் பக்கமோ? பின்னேர வெயிலில நான் அவியிறதோ?

இன்னொண்டு. "அங்க குளிரே இல்லை, என்ர குளிர் ஜக்கெட்டை இஞ்சயே விட்டிட்டுப் போவம்" எண்டது நீங்கள். பிறகு ஏன் போன கிழமை அதின்ர பல்லுப் போன சிப்பைக் கழட்டிப் புது சிப் போட்டனீங்கள்? இருபத்தாறு வருசக் கலியாணத்தில நீங்களா ஒரு பொத்தான் தைப்பிச்சதையும் நான் காணேல்லை. என்னை அனுப்பிப்போட்டு நீங்கள் மட்டும் இஞ்ச ஹோர்சன்ஸிலயே நிக்கிற யோசனையோ?

கதவு பூட்டுற திறப்பு சப்பாத்துத் தட்டில இருக்கு.

சுபா

பி.கு.: ஜக்கெட்டைத் தேடாதேங்கோ. தை மாதம் அங்கத்தை வீட்டுத் தரை ஐஸ் மாதிரிக் குளிருமாம், அங்க இருந்திட்டு வந்த மயூரதன் அண்ணை சொன்னவர். என்ர சீலைப் பெட்டிக்குள்ள அடியில வைச்சு, பெட்டியை ஒட்டிப்போட்டன். வேணுமெண்டா ஸ்பெயினுக்கு வந்து எடுங்கோ.