மேல் படுக்கை: வேண்டாம்

பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். வேங்கிக்காலில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இன்று காலை தச்சர்கள் வந்து அலமாரிக்காகப் பிளைவுட் அறுக்க ஆரம்பித்தார்கள். புதுப் பலகை, பசை, கொஞ்சம் தின்னர். அந்த வாசனை சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். போளூர் ரோட்டில் வண்டிகளுக்குப் பாடி கட்டுகிற ஷெட்டில் இதே வாசனைக்கு நடுவே நாம் இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தோம். உனக்கு ஒரு வரியும் எழுதுவதில்லை என்று இருந்தவள் இப்போது பேனாவை எடுத்திருக்கிறேன்.

எண்பத்தொன்பதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. காதில் ஹெட்போன், எதிரே பலகை நிறைய ஓட்டைகள். ஜவுளிக்கடைக்காரருக்கு ராஜமுந்திரி, லாரி ஆபீசுக்கு நாக்பூர், பட்டாளத்துப் பையனின் அம்மாவுக்கு ஜான்சி. எல்லா ஊரையும் நாம் கூப்பிட்டோம், எந்த ஊரையும் பார்த்ததில்லை. நாக்பூரில் ஒரு ஆபரேட்டர் இருந்தாரே, நம் ஊர்ப் பெயரைக் கடித்துத் துப்புவாரே. அவர் குரல் வந்தாலே நீ பிளக்கை என் பக்கம் தள்ளிவிட்டுச் சிரிப்பாய். "ஒரு நாள் போய் அந்த ஆளு மூஞ்சியைப் பார்க்கணும்டி" என்று நீதான் முதலில் சொன்னாய்.

பிறகு தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது. பலகையைக் கழற்றி எடுத்துப் போனார்கள். நம்மைப் புகார் வாங்குகிற மேசையில் உட்காரவைத்தார்கள். ஊர்ப் பெயர் எதுவும் காதில் விழாத வேலை. அப்போதுதான் உன் அப்பா காலமாகி அவருடைய ஜீப் உன் வீட்டுக்கு வந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாய்: "ஜீப்புக்குப் பின்னாடி மாட்டி இழுக்கற மாதிரி ஒரு சின்ன வீடு கட்டிக்கலாம். லாட்ஜ் வேணாம், யார்கிட்டயும் ரூம் கேட்டு நிக்க வேணாம். ஒரு மாசம் லீவு போட்டுட்டு, நாம கூப்பிட்ட ஊரையெல்லாம் பார்த்துட்டு வரலாம்."

"யாரு ஓட்டறது?" என்று கேட்டேன்.

"நீதான். எனக்கு முட்டி வலி. வண்டி என்னுது, ஓட்டறது நீ."

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஆகாதவள், அம்மாவும் போய்விட்டிருந்தாள், சைக்கிளைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. நீ சொன்ன ஒரு வார்த்தைக்காக அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் காலை ஆறு மணிக்குப் பழக்கம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஆம்பளைகள் வேடிக்கை பார்த்தார்கள். "மாட்டு வண்டி ஓட்டிப் பாரும்மா, அது கூட ஜாஸ்திதான்" என்று ஒருவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு தடவை டெஸ்ட்டில் தோற்று மூன்றாவது தடவை லைசென்ஸ் வாங்கினேன். நீ ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தாய்.

டிரெய்லரோடு பின்னால் எடுப்பதுதான் உயிரை வாங்கியது. அது இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். அடி அண்ணாமலையில் என் அக்கா வீட்டு நிலத்தில் பழைய தண்ணீர் டிரெய்லர் ஒன்று கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் ஜீப்பை எடுத்துப் போய் அதை மாட்டிப் பழகினேன். அக்கா வீட்டு வைக்கோல் போரில் எத்தனை தடவை இடித்தேன் என்று கணக்கே இல்லை. நீ வரப்பில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்" என்று கை காட்டுவாய்.

ஷெட்டு மேஸ்திரி நல்ல மனுஷன். டிரெய்லர் வீடு அதுவரை கட்டியதில்லை, ஆனால் வேன், ஆம்புலன்ஸ் எல்லாம் கட்டியவர். ஒரு நோட்டுத்தாளில் கோடு போட்டு, ஒரு பக்கம் "வேண்டும்", இன்னொரு பக்கம் "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தார். "அடிச்சட்டம், சக்கரம், மேல் தகடு, இது எல்லாருக்கும் உண்டுங்க. மத்ததெல்லாம் நீங்க கேட்டா போடுவேன். யோசிச்சு எழுதியாங்க. ஒண்ணொண்ணும் எடை. எடை ஜாஸ்தியானா ஜீப் இழுக்காது."

அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாம் ஆறு வாரம் பேசினோம். ஜன்னலுக்குக் கொசுவலை, வேண்டும். கூரையில் ஃபேன், வேண்டும், பேட்டரி தாங்கினால். மடக்கு மேசை, வேண்டும். கேஸ் அடுப்பா மண்ணெண்ணெய் அடுப்பா என்று நாலு நாள். கக்கூஸ் விஷயத்தில் சண்டையே வந்தது. "அதுக்கு ஒரு மூலை போயிடும், பெட்ரோல் பங்க்ல போய்க்கலாம்" என்றேன் நான். "ஆம்பளை மாதிரி பேசாதே. ராத்திரியில வயித்தை வலிச்சா எங்கே போவே?" என்றாய். கடைசியில் திரை போட்ட மூலை ஒன்றும் மூடி வைத்த வாளி ஒன்றும் என்று முடிவானது. அதற்காகத் துணி அலமாரியை விட்டுக்கொடுத்தோம்.

படுக்கையில் மட்டும் வாக்குவாதமே இல்லை. ரயிலில் இருப்பது மாதிரி கீழே ஒன்று, மேலே ஒன்று. முட்டி வலிக்காரி கீழே, நான் மேலே. நான் எனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். மேல் படுக்கையில் தலைமாட்டில் தள்ளித் திறக்கிற மாதிரி ஒரு சின்ன ஜன்னல். "அது எதுக்குடி?" என்று கேட்டாய். விடியும்போது எந்த ஊரில் இருக்கிறோம் என்று படுத்தபடியே பார்க்க வேண்டும் என்றேன். நீ பேனாவை வாங்கி, உன் குண்டு குண்டு எழுத்தில் எழுதினாய்: மேல் ஜன்னல், வேண்டும்.

தாளை மேஸ்திரியிடம் கொடுத்த பிறகும் நம் பேச்சு ஓயவில்லை. சாப்பாட்டு நேரத்தில் திரைக்கு என்ன நிறம், எந்தப் பாத்திரம், எத்தனை தலையணை. நான் இரண்டு தலையணை உறை தைத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் இப்படிப் போனது.

ஒரு சனிக்கிழமை போளூர் ரோட்டில் ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். எலும்புக்கூடு நின்றிருந்தது, பக்கத்துத் தகடு அடித்திருந்தார்கள். உள்ளே ஏறினேன். மேலே எதுவும் இல்லை. ஜன்னல் வர வேண்டிய இடத்தில் தகடு முழுசாக இருந்தது.

"மேஸ்திரி, மேல் படுக்கை அப்புறமா மாட்டுவீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அந்த அம்மா சொல்லலைங்களா? போன மாசமே வந்து மாத்தி எழுதிக் குடுத்துட்டாங்களே."

ஆணியில் குத்தியிருந்த தாளை எடுத்துக் கொடுத்தார். அதே தாள். மேல் படுக்கை, அடித்திருந்தது: வேண்டாம். மேல் ஜன்னல்: வேண்டாம். கீழ்க் கட்டில் நாலடி அகலம். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: பக்கவாட்டில் கூடாரத் துணி கட்டக் கொக்கி நாலு, டிரைவருக்கு.

எல்லாம் உன் குண்டு குண்டு எழுத்து.

நான் கேட்டது ஒன்றுதான். "என்னைக்கு வந்து எழுதினாங்க?" அவர் நாள் சொன்னார். அதற்கு மறுநாள்தான் திரைக்கு மஞ்சள் வேண்டாம், அழுக்குத் தெரியும், பச்சை எடுக்கலாம் என்று நீ என்னோடு பஜாருக்கு வந்தாய். கடைக்காரர் காட்டிய துணியை என் தோளில் போட்டுப் பார்த்தாய்.

அங்கிருந்து நேராக உன் வீட்டுக்கு வந்தேன். நீ வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாய். என் முகத்தைப் பார்த்ததும் உனக்குப் புரிந்துவிட்டது, ஏனென்றால் நான் கேட்பதற்கு முன்பே நீ சொன்னாய்: "எங்க வீட்டுக்காரரும் வரேங்கறாரு. ஒத்தக்கால்ல நிக்கறாரு. நான் என்ன பண்ணட்டும்?"

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"டிரைவருக்குன்னு எழுதியிருக்கியே, அது யாரு?"

நீ ஒரு புடவையை மடித்து முடித்தாய். இன்னொன்றை எடுத்தாய். என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "நீ வந்தா நீ. இல்லைன்னா வேற ஆளு."

ஜீப் சாவியில் ஒன்று என்னிடம் இருந்தது. அதை உன் துணிக் குவியலின் மேல் வைத்துவிட்டு வந்தேன். தெரு முனை வரைக்கும் நீ கூப்பிடுவாய் என்று நினைத்தேன். அதை ஒத்துக்கொள்ள இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நீயும் உன் வீட்டுக்காரரும் ஒரு டிரைவரை வைத்துக்கொண்டு போய் வந்தீர்கள். நாம் அதற்கப்புறம் பதின்மூன்று வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். "அந்த ரிஜிஸ்டர் எங்கே", "சார் கூப்பிடறாரு". இதைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது. ஆபீசில் எல்லாரும் என்னவென்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை. நீயும் சொல்லியிருக்க மாட்டாய் என்று நம்பினேன்.

எனக்குக் கோபம் உன் மேல் பாதி, உன் வீட்டுக்காரர் மேல் பாதி. பாதி என்றுகூடச் சொல்ல முடியாது. நாள் ஆக ஆக முக்கால்வாசியை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். புருஷன் பிடிவாதம் பிடித்தால் ஒருத்தி என்ன செய்வாள்? மறைத்தது தப்பு, அவமானப்படுத்தியது தப்பு, ஆனால் இவளாக என்னைத் தள்ளவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் உனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தேன். ரிட்டையர் ஆனதும் ஒரு பழைய கார் வாங்கி, அக்காவை உட்காரவைத்து நாக்பூர் வரைக்கும் ஓட்டிப் போனேன். எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம். பூட்டியிருந்தது. வாசலில் ஒருவர் ஆரஞ்சுப்பழம் விற்றுக்கொண்டிருந்தார், வாங்கிச் சாப்பிட்டோம். திரும்பி வந்து உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லவில்லை. அடுத்த வருஷம் நீ படுத்தாய், ஒரே மாதத்தில் போய்விட்டாய். உன்னைக் கிடத்தியிருந்தபோது வந்து, ஓரமாக நின்றுவிட்டுப் போனேன்.

இதுவரை எழுதி, மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். அது திங்கட்கிழமை. இன்று வியாழன்.

இன்று காலை உன் வீட்டுக்காரர் வந்தார். உன் முதல் வருஷத் திதிக்குச் சொல்ல வந்திருந்தார். இளைத்துப்போயிருக்கிறார். காபி கொடுத்தேன். பக்கத்து வீட்டில் பலகை அறுக்கிற சத்தம் கேட்டு, அவரும் அந்த டிரெய்லரைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தார்.

"அதை போன மாசம் ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போயிட்டாருங்க. எனக்கு அதுல ஒரு நாளும் சந்தோஷம் இல்லை. வெளியூர் தண்ணியே எனக்கு ஆகாது. ராஜமுந்திரி போறதுக்குள்ள வயிறு கெட்டு, அங்கேருந்தே திரும்பிட்டோம்."

"அப்புறம் ஏன் சார் கிளம்பினீங்க?" என்றேன். பதினைந்து வருஷமாக அவரிடம் கேட்க வைத்திருந்த கேள்வி.

அவர் காபியைக் கீழே வைத்தார். "நான் எங்கேங்க கிளம்பினேன்? நீங்க ரெண்டு பேரும்தானே போறதா இருந்தது. ஒரு நாள் என் வீட்டுக்காரி வந்து, உங்களைச் சொல்லி, அவ வரலைங்கறா, பயந்துக்கிட்டா, நீங்களாவது வாங்கன்னு அழுதா. அவ்வளவு ஆசையா கட்டறாளேன்னு சரின்னேன். நீங்க வரமாட்டேன்னுட்டதுல அவளுக்குக் கடைசி வரைக்கும் வருத்தம் இருந்துச்சும்மா. தப்பா எடுத்துக்காதீங்க, சொல்லணும்னு தோணுச்சு."

அறுக்கிற சத்தம் நின்றிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லத் தெரியாத முகம், உனக்கே தெரியும்.

அவர் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நீயே போய் அந்தத் தாளை அடித்திருக்கிறாய். பிறகு வீட்டுக்குப் போய் என் பெயரைச் சொல்லி அழுதிருக்கிறாய். ஏன்? கல்யாணம் ஆகாத ஒருத்தியோடு ஒரு மாதம் ஊர் சுற்றினால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்றா? என் பேச்சு அலுத்துவிட்டதா? ஏதாவது ஒரு நாள் நான் ஏதாவது சொல்லி, அது உன் மனதில் தைத்துவிட்டதா? காலையிலிருந்து அந்த ஆறு வாரத்தையும் ஒவ்வொரு நாளாகத் திருப்பிப் பார்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. நீ இருந்தபோது கேட்டிருந்தால் அதற்கும் ஏதாவது ஒரு பதில் வைத்திருப்பாய். இப்போது அதுவும் கிடையாது.

அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். ஒரு வார்த்தை போதும். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் திறந்தேன். உன் படத்துக்கு தினமும் அவரே பூ கட்டிப் போடுகிறாராம், வந்ததும் சொன்னார்.

"ஆமா சார். எனக்குத்தான் பயமா இருந்துச்சு" என்றேன்.

"விடுங்க. பொம்பளைங்க ரெண்டு பேர் தனியா போறதுன்னா யாருக்கும் பயம்தான்" என்று என்னைச் சமாதானப்படுத்திவிட்டு எழுந்து போனார்.

உனக்காக அதைச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த மனுஷனுக்காகச் சொன்னேன். திதிக்கு வருவதாகவும் சொல்லியிருக்கிறேன். வருவேன், என் காரை நானே ஓட்டிக்கொண்டு. உன் வீட்டில் கூடியிருக்கிற அத்தனை பேருக்கும் நான் உன்னோடு வரப் பயந்தவள். அந்தப் பேரை நீ வைத்தாய். இன்று காலை நானே அதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.